பைக்குள் போன கை

என் அண்ணன் ஓனோரியோடே வாரி நகரத்தில் ஒரு பெயிண்ட் கடையின் சரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சாயங்காலமானால் மன்றத்துக்கு, எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் கோக்கும் ஸ்க்ராபிள் ஆடப் போவார். முப்பது வருஷம் ஆடி, நாற்பத்தொன்பதாம் வயதில்தான் மாநில அணியில் இடம் கிடைத்தது. பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த இடத்தை விடக் கூடாதென்று செய்ததுதான்.

சொற்களை மனப்பாடம் செய்ய அவருக்கு அட்டை எழுதிக் கொடுத்தது நான். ஒரு பக்கம் எட்டு ஆங்கில எழுத்துகளை வரிசைப்படி எழுத வேண்டும். மறுபக்கம், அவற்றைக் கலைத்தால் வரும் சொற்களை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்து தெரியும், சொல் தெரியாது. பார்த்து அப்படியே எழுதுவேன். ஒரே எழுத்துகளில் பிறந்த சொற்களை அண்ணன் ‘ஒரு வீட்டுப் பிள்ளைங்க’ என்பார். ஏ, ஈ, ஜி, ஐ, எல், என், ஆர், டி வீட்டில் ஏழு பிள்ளைகள். ஒன்று முக்கோணம். இன்னொன்று டெரக்லின் என்று எங்கோ ஒரு கடலில் இருக்கும் மீன்.

“அது ருசியா இருக்குமாண்ணே?”

“எழுபது புள்ளி ருசி.”

முதலில் தீப்பெட்டி அளவு அட்டைகளில் எழுதினேன். பிறகு தபால் அட்டை அளவில் கேட்டார். அப்புறம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், தடித்த பேனாவால், ஒரு தாளுக்கு ஒரு வீடு. அவருக்குக் கண் மங்குகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை வராது, இருப்பதைத்தான் காக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“யார்கிட்டயும் மூச்சு விடாத” என்றார் அண்ணன். “லாகோஸ்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும்.”

அதன்பின் நான் எழுத்துகளை வாயால் சொன்னேன், அவர் சொற்களைச் சொன்னார். பலகை மேல் மூக்கு உரச அவர் குனிவதை மன்றத்தில் கேலி செய்தார்கள். மூத்தவரை அங்கே ‘ஓகா’ என்பார்கள். “ஓகா, பலகைய மோந்து பாத்தா வார்த்தை வருமா?”

“உன் வார்த்தை அழுகின வாடை அடிக்குதுடா, அதான் பாக்கறேன்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

மறு வருஷம் அணிக்கு மறுதேர்வு நடந்தது. மண்டப வாசலில் என் கடையைப் போட்டு, காராமணி வடை சுட்டுக்கொண்டே நான் உள்ளே பார்த்தபடி இருந்தேன். அன்றைக்கு வைத்தது வழக்கமான வழவழப்புக் கட்டைகள் அல்ல, மன்றத்தின் பழைய மரக்கட்டைகள், எழுத்து செதுக்கியவை. எதிரில் கெசியேனா. அண்ணனிடம் ஆட்டம் கற்றவன், அப்போது முப்பது வயது. எந்த எழுத்து வருகிறதென்று தெரியாமலிருக்க, பையைத் தலைக்கு மேல் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கட்டை எடுக்க வேண்டும். அண்ணன் அப்படித்தான் எடுத்தார். எடுத்ததைத் தாங்கியில் அடுக்கிவிட்டு, எங்கேயோ பார்த்தபடி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

கெசியேனா கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட்டான்.

“மேடம், ஓகா பாக்காமலே தடவி எழுத்தக் கண்டுபிடிக்கிறாரு. இங்க தெரியற விரலுக்குப் பைக்குள்ள தெரியாதா?”

நடுவர் அம்மாள் கேட்டார்: “ஏங்க தடவினீங்க? கண்ணால பாத்தா போதாதா?”

கண் தெரியவில்லை என்று சொன்னால் போதும், பழி நீங்கிவிடும். நான் எண்ணெய்க் கரண்டியோடு எழுந்து நின்றேன். பேச்சு வரவில்லை. ஆள் கூட்டத்தில் எனக்கு எப்போதும் வராது.

“ஆமா, மேடம்” என்றார் அண்ணன். “பைக்குள்ளயும் தடவித்தான் எடுத்தேன்.”

திரும்பும் வழியில் அழுதுகொண்டே கேட்டேன். “ஏண்ணே பொய் சொன்ன?”

“கள்ளனுக்கு மூணு வருஷம்தான் தடை” என்றார். “குருடனுக்கு?”

அந்த மூன்று வருஷத்தில் லாகோஸுக்கு இரண்டு முறை போய் வந்தோம். இரண்டாம் முறை திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். ஆனால் காலையில் நான் எழுத்து சொல்வதும் அவர் சொல் சொல்வதும் ஒரு நாளும் நிற்கவில்லை.

தடை முடிந்த அன்று சவரம் செய்துகொண்டு, “போய் என் பேரை எழுதிட்டு வா” என்றார்.

மன்றத்துச் செயலாளர் இப்போது கெசியேனாதான். பேனாவை எடுத்துவிட்டு, “இனி விரல் அடக்கமா இருக்குமா, சிஸ்டர்?” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் என் வாயைத் திறந்தது. “அவருக்குக் கண்ணு தெரியாது. அன்னைக்கே தெரியாது. பைக்குள்ள ஒண்ணும் பண்ணல.”

கெசியேனா பேனாவை மூடி வைத்தான். பெயர் எழுதவில்லை.

அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. “கள்ளன்னு நெனச்சப்ப என்னப் பாத்துப் பயந்தாங்க. இனி பாவம்னு பாப்பாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் கெசியேனா பழைய மரக்கட்டைப் பையும் பலகையுமாக வீட்டுக்கு வந்தான். அண்ணன் காலில் விழப் போனான். “அதெல்லாம் வேணாம், உக்காந்து ஆடு” என்றார் அண்ணன். முகம் மலர்ந்துதான் இருந்தது.

கெசியேனா வைக்கும் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வான். அண்ணன் பலகையைத் தடவிப் பார்த்து ஆடுவார். ஆறாவது முறை அவர் விரல்கள் வலது மூலைக்குப் போய் நின்றன. சொல்லுக்கு மும்மடங்குப் புள்ளி தரும் கட்டத்துக்கு நேராக வழி திறந்து கிடந்தது.

“இத எனக்காகத் தொறந்து வெச்சியா?”

“தவறிப்போச்சு, ஓகா.”

“உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நீ அங்க தவற மாட்ட.”

அண்ணன் தன் ஏழு கட்டைகளையும் அள்ளிப் பையில் போட்டார்.

மறுநாள் காலை நான் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேணாம்மா” என்றார். “நேரமாச்சு, நீ கடைக்குப் போ.”