ஆரஞ்சு வால்

குத்தகை நிலத்தை அதன் சொந்தக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டதால், கல்யாணமான வருடமே என் கணவர் துபாய்க்குப் போனார். போகும்போது கண்ணாடித் தொட்டியில் கப்பி என்ற சின்ன வண்ண மீன் ஒரு ஜோடி விட்டுவிட்டுப் போனார். ஆரஞ்சு வால் ஆண் மீன் சீக்கிரமே செத்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில், தொட்டியில் நெல்லளவு குஞ்சுகள் நீந்தின. குழம்பிப்போய் வண்ண மீன் கடை பாயிடம் கேட்டேன். "ஒரு தடவை சேந்தா போதும்மா. ஆண் போன பிறகும் பல மாசம் குட்டி போடும்" என்றார்.

தாயே தின்றுவிடும் என்று குஞ்சுகளைப் பாட்டிலுக்கு மாற்றினேன். ஒன்றின் வாலில் மெல்ல ஆரஞ்சு ஏறியது.

அந்த வாரம் போனில் அவர், "ஜோடி நல்லாருக்கா?" என்றார்.

"ஆண் செத்துடுச்சுங்க. குஞ்சு ஒண்ணு அதே மாதிரி இருக்கு."

"ஊருக்கே வந்துடுறேன்" என்றார்.

"விசேஷம் உண்டா?" என்று தெருவில் கேட்பவர்களுக்குச் சிரித்தே பழகியவள் நான். அன்று போனை வைத்ததும் அந்தத் தாய் மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.