பாதி வந்த மயில்

பெரிய படிப்பாளிகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுதுவது என் அச்சகத்தில் வேலை பார்க்கும் அச்சங்குளத்து வேலுத்தாயைப் பற்றி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. காகிதக் கட்டுத் தூக்க வந்தவன், சிவகாசியில் இன்று மூன்று ஆப்செட் மிஷின் ஓட்டுகிறேன். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

வேலுத்தாய் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். என்னிடம் சேர்ந்ததும், "ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்க அண்ணாச்சி, படமெல்லாம் போன் லைன்லயே வந்துரும்" என்று நச்சரித்தே வாங்கவைத்தாள்.

2003. ஆடிப் பதினெட்டுக்குள் அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் கடைகளுக்குப் போயாக வேண்டும். நாக்பூர் ஓவியர் வரைந்த மயில் படம் மட்டும் பாக்கி. ரயிலில் ஆள் அனுப்பி சிடி வாங்கிவரச் சொல்லியிருப்பேன். இவள்தான் தடுத்தாள்.

"இன்னைக்கு மூணு மணிக்குள்ள படம் அச்சுப் பிளேட்டுக்குப் போகலைன்னா, கம்ப்யூட்டர வித்துருவேன். நீயும் லேபிள் ஒட்டவே போயிரணும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காலை எட்டு மணிக்கு, இணையப் பக்கம் பார்க்கிற வழியிலேயே படத்தை இறக்க ஆரம்பித்தாள். மொத்தம் நாற்பத்தைந்து எம்.பி. பத்து மணிக்கு முப்பது வந்திருந்தது. அச்சு மை விற்கும் கடைக்குப் பேசலாமென்று நான் ரிசீவரை எடுத்தேன். லைன் அறுந்தது. வந்த முப்பதும் போய்விட்டது.

"யாரு போனைத் தொட்டது?"

"எம் போனு. நான் தொடாம எவன் தொடுவான்?"

அவள் தலையில் கைவைத்தாள். "இந்த வழியில அறுந்தா, அவுக கம்ப்யூட்டர் மொதல்லருந்துதான் தரும். எப்.டி.பி.ன்னு இன்னொரு வழி இருக்கு அண்ணாச்சி. பேரும் பாஸ்வேர்டும் குடுத்து உள்ள போனா, இம்புட்டு வந்துருச்சு, மிச்சத்த மட்டும் குடுன்னு கேக்கலாம்."

எங்கள் போனில் வெளியூர் பேசும் வசதி இல்லாததால், எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஓவியரிடம் அந்த இரண்டையும் கேட்டு எழுதிவந்தாள். பத்தரைக்கு மறுபடி தொடங்கியது. இருபத்தேழு வந்தபோது கரண்ட் போனது.

என் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. மிஷின் நடுவில் நின்றால் பாதி அச்சான தாளெல்லாம் கழிவு மூட்டைக்குப் போகும். நல்ல தாளோடு கலந்தால் பெயர் கெட்டுவிடும். ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் அதே பழக்கத்தில், "அந்தப் பாதிய அழிச்சிரு" என்றேன்.

வேலுத்தாய் மவுசைக் கையால் பொத்திக்கொண்டாள். "இது வேஸ்ட் தாளு இல்ல அண்ணாச்சி. இது இருந்தாத்தான் மிச்சத்தக் கேக்க முடியும். அழிச்சீகன்னா நானே லேபிள் ஒட்டப் போயிருதேன்."

என் அச்சகத்தில் என்னிடம் அப்படிப் பேசியவர் அதுவரை இல்லை. சரியென்று விட்டேன். திரையில் இருபத்தேழு அப்படியே நின்றது. பிறகு இருபத்தெட்டு ஆனது! எனக்குப் புது மிஷின் இறங்கிய நாள் போல இருந்தது. போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நானே காவல் உட்கார்ந்தேன். போன் கேட்டு வந்த பார்ட்டியைப் பூத்துக்கு விரட்டினேன்.

இரண்டேகாலுக்கு மயில் முழுத் தோகையோடு திரையில் விரிந்தது. மிஷின்மேன் நல்லசிவம் எட்டிப் பார்த்தான்.

"மயிலு கெடக்கட்டும் வேலுத்தாயி, அண்ணாச்சி ஒண்ணேகால் மணி நேரம் போன் பேசாம இருந்தாக பாரு, அதுதான் அதிசயம்!"

வேலுத்தாய் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று மணிக்கு முன்பே படம் பிளேட்டுக்குப் போனது. மறுநாள் நான் இரண்டாவது போன் லைனுக்கு விண்ணப்பம் போட்டேன். யார் உபயோகத்துக்கு என்று கேட்டிருந்த இடத்தில், என் கையாலேயே 'வேலுத்தாய்' என்று எழுதினேன்.