உயிரோடு வந்ததே பெரிசு என்றார்கள்

இந்த ஊரில் களியை மெல்லக் கூடாது. உருட்டி, குழம்பில் தொட்டு, அப்படியே விழுங்க வேண்டும். வந்த முதல் நாள் நான் அதைச் சோறு போல மென்றேன். பல்லெல்லாம் அப்பிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. அடுப்படியில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ரங்கூன்காரிக்குக் களி திங்கத் தெரியலீங்க" என்று தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தாள் என் ஓரகத்தி காவேரி. ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது நானும் மெல்லாமல்தான் விழுங்குகிறேன். ஆனால் துக்கத்தையும் அப்படியே விழுங்கு என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்து, சொந்தக்காரர் வீட்டு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இது உங்களுக்காக எழுதியது.

நான் ரங்கூனில் பிறந்தவள். நல்லம்பள்ளி என்ற பெயரே கல்யாணத்துக்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது. கணவருக்கு அந்தப் பக்கத்து ஊர். ரங்கூனில் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான பேரோடு நாங்களும் நடந்தோம். மலைப்பாதையில் அவருக்குப் பேதி கண்டது. இரண்டாம் நாள் அவரை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு நான் நடந்தேன். மூச்சு நின்ற பிறகுதான் விட்டேன். அதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. குழி தோண்ட யாருக்கும் கையில் தெம்பில்லை. அந்த இடத்துக்குப் பெயர்கூட இல்லை.

அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஊரே பார்க்க வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "போனது போவட்டும், நீ உசுரோட வந்ததே பெருசு." நான் தலையாட்டினேன். முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் வேலை செய்தேன். கேழ்வரகு திரித்தேன், மாட்டுக்குத் தீனி போட்டேன். பிறகு ஒரு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நனைந்த சாக்கு மூட்டையை நெஞ்சின் மேல் தூக்கி வைத்தது போல இருந்தது. ரங்கூனில் மழைக்காலம் முழுக்கக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே பாறையும் வெயிலும். அந்த அமைதியில் என் தலைக்குள் ஓடுவது எனக்கு உரக்கக் கேட்டது. நான் ஏன் இருக்கிறேன் என்பதுதான் அது. படுத்தபடியே இல்லாமல் போய்விட்டால் போதும் என்று நாள் முழுக்க நினைத்தேன்.

காவேரி முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு கோடங்கியை வரவழைத்தாள். உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிற அந்த ஆள் வாசலில் என்னை உட்கார வைத்து, தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, வேப்பிலையால் முகத்தில் அடித்தான்.

"யாரு நீ? எங்கிருந்து வந்தே?"

நான் உண்மையைச் சொன்னேன். "ரங்கூன்ல இருந்து வந்தேன்."

கூட்டம் 'ஆ' என்றது. கோடங்கிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எப்போ போவே? சொல்லு, எப்போ போவே?"

"கப்பல் விட்டா இன்னிக்கே போயிடுவேன்."

பர்மாப் பேய், கடல் தாண்டி வந்த பேய், லேசில் போகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அடி நிற்கவில்லை. கணவரின் அண்ணன் திண்டாடிக்கொண்டு நின்றார். அவ்வளவு பேர் இருந்தும், இந்தப் பெண்ணுக்குப் புருஷன் செத்துப்போனான் என்று ஒருவரும் சொல்லவில்லையே! அழ இடம் கொடுக்காதவர்கள் அடிக்க இடம் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. அன்று வீங்கிய முகத்தோடு படுத்திருந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒன்றில் பிடிவாதம் வந்தது. நான் செத்தால், "பேய் அடிச்சுடுச்சு, நான் அப்பவே சொன்னேன்" என்று அந்தக் கோடங்கி ஊர் ஊராகச் சொல்லித் திரிவான். அவனை ஜெயிக்க விடக் கூடாது. உயிரோடு இருக்க எனக்குக் கிடைத்த முதல் காரணம் இதுதான். கேவலமான காரணம் என்பீர்கள். இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டு நான் பல வாரம் ஓட்டினேன்.

பக்கத்து வீட்டில் கௌரம்மா இருந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். ஒரு நாள் அவள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "பா, கூத்கோ" என்றாள். கூத்து என்று என் காதில் விழுந்தது. என் நிலைமை உனக்குக் கூத்தா என்று அங்கேயே கத்தித் தீர்த்தேன். பர்மாக்காரன் வசவுகூட இரண்டு வந்தது. அவள் வாய் பிளந்து பார்த்தாள். பிறகு தரையைக் கையால் தட்டிக் காட்டினாள். உட்காரச் சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்தேன். ஒரு சுத்தியலையும் ஒரு குவியல் புளியையும் என் பக்கம் தள்ளினாள்.

ஓடு நொறுங்க அடித்தேன். கோடங்கியை அடித்தேன், ஜப்பான்காரனை அடித்தேன், பாதி வழியில் என்னை விட்டுப் போன மனுஷனையும் அடித்தேன். கௌரம்மா தடுக்கவில்லை. "கொட்டை ஒடையாம அடி" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே, "எனக்கும் இது வந்துச்சு. கடைசிப் பையன் பொறந்தப்போ. ரெண்டு வருசம்" என்றாள்.

"அப்புறம் போயிடுச்சாங்க?"

"போச்சு. திரும்ப வந்துச்சு. திரும்பப் போச்சு. வர்றப்போ, போவும்னு நெனப்பு வராது. நான் சொல்றேன் கேட்டுக்க, போவும்."

உயிரோடு வந்ததே பெரிசு என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் அவள் பேச்சை நம்பினேன். அது பொய்யும் இல்லை; எனக்கும் போயிற்று. போன வருஷம் மாசி மாதம் எனக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை நானே கௌரம்மாவிடம் போய்ச் சொன்னேன். பத்து நாள் அவள் என்னைத் தனியாக விடவில்லை. பதினோராம் நாள் பசித்தது.

இப்போது கப்பல் மறுபடி ஓடுகிறது. திரும்பிப் போகிறவர்கள் என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் இன்னும் பதில் எழுதவில்லை. சென்ற வாரம் இண்டூரிலிருந்து ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலும் பர்மாவிலிருந்து வந்த ஒரு பெண், தம்பி மனைவி, எட்டு நாளாகப் பேசவில்லை, சாப்பிடவில்லை. நான் படுத்து எழுந்ததைக் கேள்விப்பட்டு, கோடங்கிக்குச் சொல்லியனுப்பும் முன் என்னை அழைத்துப் போக வந்திருந்தார். அந்த ஒன்றுக்காகவே கிளம்பினேன்.

உச்சிவெயில் நேரம். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, ரங்கூன் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பது போலக் கேட்டேன்: "தமின் சா பீபீலா?" சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அவள் முதுகு அசைந்தது. மெதுவாகத் திரும்பினாள். பிறகு பர்மா பாஷையில், "நாம் எப்போது வீட்டுக்குப் போவோம்?" என்றாள்.

பர்மா பாஷையில் பதில் தேடினேன். வாயில் வந்தது வேறு: "போலாங்க. இன்னிக்கு வூட்ல கொஞ்சம் கஞ்சி குடிங்க, நாளைக்கு நான் திரும்ப வர்றேன்."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "நீங்க இந்த ஊர்க்காரங்களா?"

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "அவங்களா? ஐயோ, அவங்க ரங்கூன்காரிங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளிடம் இல்லை என்று சொல்ல வேண்டும், இவர்களிடமும் இல்லை என்று சொல்ல வேண்டும். எந்தப் பேச்சில் சொல்வது என்று தெரியாமல், கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.