ஓட்டைக்குள்ள ஒட்டின மூஞ்சி

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நான் வெச்ச பேரு ஏற்றுமதி. நேர்ல கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் பாராட்டுன்னு நினைச்சு சிரிச்சிருப்பாரு, அப்படிப்பட்ட பிறவி.

முதல்ல மீன் தொட்டி வித்தாரு. மீனெல்லாம் செத்துச்சு. அப்புறம் போட்டோ ஃபிரேம் கடை. கண்ணாடி அலமாரியில இருந்த இருபது ஃபிரேம்லயும் அவரு போட்டோதான், எவன் வாங்குவான்? ரெண்டையும் இழுத்து மூடிட்டு தங்கச்சியோட கிட்டார் கடைக்கு வந்து சுழல்நாற்காலியில உக்காந்தாரு. உக்காந்தவரு ஆறு வருஷமா எந்திரிக்கலை.

கடை அவளோடது. சின்ன வயசுலேர்ந்து ரிப்பேர் பழகி, கம்பி இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் காய்ச்சுப்போய், ஒரு பெரிய கம்பெனியோட டீலர்ஷிப்பைத் தன் பேருல வாங்கினா. அந்தக் கம்பெனி கிட்டார் எங்க ஊர்ல வேற எங்கயும் கிடைக்காது. அது போச்சுன்னா கடையில மிச்சம் தூசிதான். நான் அங்க கம்பி மாட்டுவேன், பார்சல் கட்டுவேன். அதனால நடந்த கூத்தெல்லாம் என் கண்ணு முன்னாடிதான் நடந்துச்சு.

கிட்டாருக்கு எத்தனை கம்பின்னு கேட்டா ஏற்றுமதி எண்ணிப் பாத்துத்தான் சொல்வாரு. ஆனா வாய் மட்டும் காது வரைக்கும் நீளும். ஒரு நாள் வெளிநாட்டுலேர்ந்து யாரோ ஒருத்தர் கிட்டார் கேட்டு எழுதினார். இவருக்குத் தலைகால் புரியலை.

"வெளிநாட்டுக்கு விக்கக் கூடாதுங்க"ன்னா தங்கச்சி. "ஒப்பந்தத்துலயே இருக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனியா டீலர் வெச்சிருக்காங்க. அவங்க வாசல்ல போய் நாம கடை போட்டா சும்மா இருப்பாங்களா? பழுதாச்சுன்னா வாரண்டியை யாரு பாக்கறது? போதாக்குறைக்கு இது சாதாரண மரமும் இல்லை. எல்லை தாண்டணும்னா அனுமதிச் சீட்டு வேணும், நம்மகிட்ட இல்லை."

"நாமதான் பொருளை வாங்கிட்டோம்ல? அப்புறம் யாருக்கு வித்தா அவனுங்களுக்கு என்ன?"

கேக்க நியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனா விக்க மாட்டோம்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவ அவளாச்சே. இந்த மனுஷன் அந்த ஒப்பந்தத்தோட முதல் பக்கத்துலயே கொட்டாவி விட்டு மூடினதை நான் பாத்தேன்.

தங்கச்சி ரிப்பேர் சாமான் வாங்க வெளியூர் போன நாளாப் பாத்து என்னை பார்சல் கட்டச் சொன்னாரு. மாட்டேன்னேன். "உங்களுக்கு உலகம் தெரியாதுக்கா"ன்னுட்டு அவரே கட்டினாரு. பெரிய சாமர்த்தியம்னு நினைப்பு. பெட்டியில கடைப் பேரு கிடையாது. அனுப்புறவர் விலாசத்துல அவரோட ஒண்ணுவிட்ட தம்பி வீடு. கிட்டார் முதுகுல இருந்த கம்பெனி நம்பரைக்கூட பிளேடால சுரண்டிட்டாரு. அவ்வளவும் செஞ்சுட்டு, கிட்டார் வயித்துல வட்டமா ஓட்டை இருக்குமே, அதுக்குள்ள கையை விட்டு எப்பவும் ஒட்டுற ஸ்டிக்கரை மறக்காம ஒட்டினாரு. உள்ளங்கை அகலத்துக்கு அவரு மூஞ்சி, கறுப்புக் கண்ணாடியோட. கீழ கடைப் பேரு. அதுக்கும் கீழ, 'உலகமெங்கும் விற்பனை'.

தவளை தன் வாயால கெடும்பாங்க. நம்மாளு மூஞ்சியால கெட்டாரு.

அந்த ஊர் குளிருல கிட்டாரோட கழுத்து வளைஞ்சிருக்கு. வாங்கினவர் நேரா அந்த நாட்டு டீலர்கிட்ட போய் வாரண்டி கேட்டிருக்கார். அவன் டார்ச் அடிச்சு உள்ள எட்டிப் பாத்திருக்கான். உள்ளேர்ந்து நம்ம ஏற்றுமதி பல்லைக் காட்டியிருக்காரு. அவன் கம்பெனிக்கு எழுதிப் போட, அடுத்த மாசம் அங்கேர்ந்து தங்கச்சி பேருக்குக் கடிதம் வந்துச்சு. டீலர்ஷிப்பை ஏன் ரத்து பண்ணக் கூடாது, நேர்ல விசாரிக்க வர்றோம்னு. ரெண்டு நாள் அவ பச்சைத் தண்ணி குடிக்கலை. இவரு மட்டும் வேளை தவறாம சாப்பிட்டுட்டு, "நான் பேசிக்கறேன், விடு"ன்னாரு.

பேசினாரு. கம்பெனி அதிகாரி வந்து உக்காந்து, ஸ்டிக்கரைப் படம் எடுத்ததை மேஜையில வெச்சு, "இது யாருங்க?"ன்னு கேட்டார். ஏற்றுமதி கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழட்டிச் சட்டைப் பையில போட்டாரு.

"தெரியலைங்களே. நான் சும்மா வந்து போறவன். கடை விவகாரம் எல்லாம் என் வீட்டுக்காரிதான். அனுப்பினா அவதான் அனுப்பியிருக்கணும்."

அவரு தலைக்கு மேல, சுவத்துல, அதே மூஞ்சி ஒண்ணரை அடி உயரத்துல ஃபிரேமுக்குள்ள இருந்துச்சு. அதிகாரி அதை ஒரு தடவை பாத்தார், இவரை ஒரு தடவை பாத்தார், கடைசியா தங்கச்சியைப் பாத்தார்.

அவ படத்தை அவர் பக்கமே தள்ளி வெச்சா. "நான் அனுப்பலை சார். கல்யாணமாகி பதினோரு வருஷமா இந்த ஆளு யாருன்னு எனக்கும் தெரியலை. இப்பதான் தெரிஞ்சுது. இனிமே இந்தக் கடைப் படி ஏற மாட்டார்."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. டீலர்ஷிப் உங்ககிட்டயே இருக்கும்"னார் அதிகாரி. "மறுபடி அந்த ஆளைக் கடையில பாத்தா மட்டும் இருக்காது."

அவ பேனாவை எடுத்தா. ஏற்றுமதி ஆறு வருஷத்துல முதல் தடவையா நாற்காலியை விட்டுத் தானா எந்திரிச்சாரு.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா, நான் யாருன்னு."

நான் படத்தை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு நல்லா உத்துப் பாத்தேன். "எங்கயோ பாத்த மூஞ்சிதான்"னேன். "எனக்குத்தான் உலகம் தெரியாதே."