ஜெரோமின் முதல் ஆல்பமும் அபிதகுஜாம்பாள் மாமியின் கேள்விகளும்

பம்மல் ஜெரோமுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவனுக்குக் குறையே இல்லை.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை சர்வீஸ் செய்வது அவன் வேலை. வயது நாற்பத்தொன்று. மனைவி ஷீலா, அவன் அடிக்கும் மொக்கை ஜோக்குக்கெல்லாம் மனதாரச் சிரிப்பவள். மாமியாருக்குப் பெற்ற மகளைவிட மாப்பிள்ளை மேல்தான் பாசம். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாக கிட்டார் வாசிக்கிறான். இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், போன வருடம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், போனில் ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு வந்து மாட்டியது.

யாரோ ஒரு வெளிநாட்டுப் பெரியவர். தனியாக உட்கார்ந்து, கிட்டாரைத் தட்டித் தட்டி, ஒரே வரியை இரண்டு தடவை பாடிவிட்டு மூன்றாவது வரியில் பெருமூச்சு விட்டார். ஜெரோமுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் மனுஷருக்கு ஏதோ பெரிய பிரச்சினை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கையில் தயிர்சாதம் காயும்வரை கேட்டான்.

"ஷீலா, நான் ஆல்பம் போடப் போறேன். சோகப் பாட்டு. நானே எழுதி, நானே பாடி, ஒரே ஒரு கிட்டாரு."

"சோகமா? உனுக்கு இன்னாய்யா சோகம்?"

"அதான் யோசிச்சினு கீறேன்."

ஷீலா ஒத்தாசைக்கு வந்தாள். "நான் வேணா கோச்சிகினு அம்மா வூட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் பையோடு கிளம்பினாள். தாம்பரம் ஸ்டேஷன்வரை அவனே வண்டியில் கொண்டுபோய் விட்டான். பிரிவுத் துயரில் ஒரு பாட்டாவது தேறும் என்று கிட்டாரோடு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு ரோஸி அக்கா மீன்குழம்பு கொண்டுவந்தாள். எதிர்வீட்டு மோகன்ராஜ் கேரம் போர்டு கொண்டுவந்தான். "மாப்ள அங்க தனியா கீறாரு, உனுக்கு இங்க இன்னா வேல?" என்று மாமியார் மூன்றாம் நாளே மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் ஜெரோம் ஒன்றரை கிலோ ஏறியிருந்தான்.

கடைசியில் சோகம் பரோட்டா வடிவத்தில் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழையில் நனைந்துகொண்டே வாங்கிவந்த பார்சலைப் பிரித்தால், சால்னா வைக்கவில்லை. வெறும் பரோட்டாவைப் பார்த்தபடி நின்றான்.  அப்படியே கிட்டாரை எடுத்தான். அதற்கப்புறம் மடை திறந்தது. இரண்டே மாதத்தில் எட்டுப் பாட்டு.

பதிவு செய்வதுதான் பேஜாராகப் போயிற்று. ஒவ்வொரு பாட்டின் உச்சத்திலும் ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கியது. விமானம் ஓய்ந்தால் பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுத்தார்கள். அஸ்தினாபுரத்தில் அபிதகுஜாம்பாள் மாமி வீட்டில் ஃபில்டர் மாற்றும்போது இதைச் சொல்லிப் புலம்பினான். மாமி இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருடம் க்ளெய்ம் விசாரித்து ஓய்வு பெற்றவர்.

"எங்காத்துப் பின் ரூம்ல ஈ பறக்கற சத்தம்கூடக் கேக்காது. அங்க வந்து பாடேன்ப்பா. நான் ஓரமா உக்காந்துக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பொருத்திவிட்டு ஆரம்பித்தான்.

"நாலு பரோட்டா வாங்கி வந்தேன், சால்னா காணோம்... நாலு பரோட்டா வாங்கி வந்தேன், சால்னா காணோம்..."

"ஐயோ பாவம்! திரும்பிப் போய்க் கேட்டியோ?" என்றார் மாமி.

ஜெரோம் திடுக்கிட்டான். ஆனால் யாராவது ஒரு வரி சொன்னால் பதில் வரி பாடாமல் இருக்க இருபது வருட சர்ச் பழக்கம் அவனை விடவில்லை.

"மழை பெய்யுது மாமி..." என்று அதே ராகத்தில் இழுத்தான்.

"குடை இல்லையா?"

"கம்பி ஒடஞ்சி கெடக்குது மாமி..."

"போன் பண்றதுதானே?"

"அடிச்சா எடுக்க மாட்டறான் மாமி..."

மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது நிமிடம் போயிற்று.

"மாமி, வாயே தொறக்க மாட்டேன்னீங்களே!"

"நீ அந்த அழுகை அழறே. நான் எப்படி சும்மா உக்காந்திருக்கறது?"

மாமியை ஹாலுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பாடினான். இரண்டு வரி முடிந்ததும் கை தானாக நின்றது. கேள்விக்காகக் காத்திருக்கிறோம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்தான்.

"மாமி, வந்து உக்காருங்க. இன்னா கேக்கணுமோ கேளுங்க."

'சால்னா' என்ற அந்த ஆல்பத்தின் அட்டையில், 'குரல், கிட்டார்: ஜெரோம். கேள்விகள்: அபிதகுஜாம்பாள்' என்று போட்டார்கள். முதல் நாள் பதினொரு பேர் கேட்டார்கள். அதில் ஏழு பேர் ஷீலா. மாமி அதைக் காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகு கதை மாறிவிட்டது. பொங்கல் விழாவுக்கு அவனை மேடையேற்றினார்கள்.

அங்கே அவன் எடுத்தது, குரோம்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் புதுச் செருப்பைத் தொலைத்த பாட்டு. மாமி வாயைத் திறப்பதற்குள் நாற்பது பேர் கேட்டார்கள்.

"என்ன கலர்?"

"பிரௌன் கலரு சார்..."

"எத்தனாம் நம்பர்?"

"ஒம்போது சார்... நீலத் தையலு போட்டது சார்..."

முன்வரிசையில் இருந்த சங்கச் செயலாளர் தோத்தாத்ரி குனிந்து தன் காலைப் பார்த்தார். மெல்ல எழுந்து, வெறுங்காலோடு மேடையேறி, ஒரு ஜோடியை மைக்குக்குக் கீழே வைத்தார். "ஒரு சைஸ் பெரிசா இருக்கேன்னு அப்பவே நினைச்சேன். மன்னிச்சுக்கோங்கோ."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் மாமியின் குரல் கேட்டது.

"ஏம்ப்பா ஜெரோம், அன்னிக்கு நீ வெறுங்காலோடயா ஆத்துக்குப் போனே?"

ஜெரோம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த ஆல்பத்திலேயே இல்லாத உருக்கத்தோடு பாடினான்.

"எட்டாம் நம்பரு கறுப்பு ஜோடி... எங்க வூட்ல கீது மாமி..."