ஸ்டாம்பு ஒட்டிய கடிதம்

என் அப்பாவுக்குப் போனில் புத்தி சொல்ல வராது. "சாப்பிட்டியா மக்களே" என்பார், "சாப்பிட்டேன்" என்பேன், வைத்துவிடுவார். புத்திமதி முழுக்கக் காகிதத்தில்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் அவர் டீ மாஸ்டர். நான் நாகர்கோவில் போகிற வழியில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். வாரம் ஒரு கடிதம் எழுதி, டீ குடிக்க வருகிற நாகர்கோவில் வண்டி கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அவர் போகிற போக்கில் அதைக் காலேஜ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

உறை கிடையாது. நாலாக மடித்த காகிதம், அவ்வளவுதான். "ஒளிக்கதுக்கு அதுல என்ன இருக்கு" என்பது அப்பாவின் கட்சி. அதனால் என் ஒழுக்கத்தின் நிலவரம் எனக்கு முன்பே இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும். "புக்கைத் திறந்து வச்சுட்டு உறங்கக்கூடாதாம், கேட்டியா" என்றுதான் வாட்ச்மேன் கடிதத்தையே நீட்டுவார். கோபத்தோடு சோற்றில் கை வைக்காதே, கூடப் படிக்கிறவளோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசிவிடு, பரீட்சைக்கு முந்தின நாள் தலைக்குக் குளிக்காதே என்று, எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் எனக்கு ஒரு பல்கலைக்கழகமே நடத்தினார். பலன் இல்லாமல் இல்லை. வாட்ச்மேன் பீடியை விட்டார். கண்டக்டர், பல வருஷமாகப் பேசாத தம்பியின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் ஒருத்திதான் திருந்தவில்லை.

மூன்றாவது செமஸ்டரில் நான்கு பாடத்தில் தோற்றேன். படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, எழுதினேன். கண்டக்டரிடம் கொடுத்தால் வண்டி முழுக்க எனக்காக வருத்தப்படும். உறை வாங்கி, நன்றாக ஒட்டி, ஸ்டாம்பு வைத்துத் தபாலில் போட்டேன்.

பதில் இல்லை. போனும் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்து நாலு நாளாவது ஆகியிருக்கும். கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து, பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன். டிக்கெட் கிழித்தபடி கண்டக்டர் சொன்னார்: "அப்பா நாலு நாளா டீயில சீனி போட மறக்காரு. போய்ப் பாரு."

ஹோட்டலில், சீனி டப்பாவுக்குப் பின்னால் என் உறை நின்றிருந்தது. பிரிக்கவே இல்லை.

"ஏம்ப்பா வாசிக்கல?"

"வாயால சொல்ல முடியாத காரியம்னாத்தானே ஒட்டி அனுப்புவே. பேடிச்சுப் போச்சு மக்களே. நீயே வாசி."

எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் வாசித்த கண்டக்டர், டீ குடிக்க வந்தவர், அன்றைக்கு மட்டும் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் வாசித்தேன். நான்கு பாடங்களின் பெயரைச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்னப்பா செய்ய?"

"அது எனக்குத் தெரியாது. விடுறதுன்னா விடு, படிக்கிறதுன்னா படி. இனிமே ஸ்டாம்பு மட்டும் ஒட்டாதே."

எத்தனையோ எழுதியவர், என்னை நினைத்துப் பயப்படுவார் என்பதை மட்டும் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் போட்டுத் தந்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த வண்டியிலேயே ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். நான்கு பாடங்களையும் மறுபடி எழுதினேன்.