மாப்பிள்ளையின் முதுகு

என் மாப்பிள்ளையின் முகத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். முதுகு நன்றாகத் தெரியும். இடது தோள் சற்று இறங்கியிருக்கும். நடக்கும்போது கழுத்து முன்னால் போகும், கால்கள் அதைத் துரத்திக்கொண்டு போகும். எங்கள் பாலைவன ஊரான ஃபாதாவின் சந்தையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அந்த முதுகைக் காட்டிவிடுவேன்.

எங்களில் பெண்ணைக் கட்டியவர் மாமியாரின் எதிரில் வரக்கூடாது. வந்துவிட்டால் பாதையை விட்டு இறங்கி, தலைப்பாகைத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, திரும்பி நிற்க வேண்டும். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன், என் பெயரை அவர் சொல்ல மாட்டார். பேசியே தீரவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கிற ஆளிடமோ ஆட்டிடமோ சொல்வது. மாப்பிள்ளையின் வெறும் முகம் மாமியார் கண்ணில் பட்டுவிட்டால், அந்த வெட்கத்துக்கு ஈடாக அவள் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் ஒட்டகக் கன்று கேட்பார்கள். என் தங்கை அப்படி ஒன்று வாங்கினாள். வேண்டுமென்றேதான் எதிரில் போனாள் என்று இன்றைக்கும் பேச்சு இருக்கிறது.

என் மாப்பிள்ளைக்கு ஊரில் 'நில்லாதவர்' என்று பெயர். உப்பு ஏற்றிப்போன கூட்டம் ஒரு பாறை நிழலில் இறங்கிய சமயத்தில் பிறந்தவர். கூட்டம் காத்திருக்கவில்லை. சாயங்காலமே அவரும் ஒட்டகத்தின் மேல் போனார். மீசை முளைத்ததும் லாரி ஏறி லிபியா போனார், வந்தார். ஒரு கிணறு வெட்ட ஆரம்பித்து, தண்ணீர் வருமுன் அடுத்த கிணற்றுக்குப் போனார். கல்யாணத்துக்காகச் சொந்தக்காரர்களிடம் போய் மாடு, ஒட்டகம் கேட்டுச் சேர்ப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் வருஷக்கணக்கில் அலைவதை அவர் ஒரு மழைக்காலத்துக்குள் முடித்துவிட்டார். எந்தக் கூடாரத்திலும் இரண்டாவது டம்ளர் தேநீருக்கு மேல் உட்காரவில்லையாம். மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம். அந்த அவமானத்தோடுதான் கொடுத்து அனுப்பினார்கள்.

எங்கள் எனெதி மலையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததும் அந்தக் கால்களுக்கு ஏற்ற வேலை கிடைத்தது. வானத்தில் வளைந்து நிற்கிற பெரிய பாறை வளைவு, குகைச் சுவரில் யாரோ எந்தக் காலத்திலோ செவ்வண்ணத்தில் வரைந்துவிட்டுப்போன மாடுகள், ஓடுகிற குதிரைகள், கடைசியாக ஆர்ச்செய் பள்ளத்தாக்குச் சுனை. இரண்டு நாளில் பார்க்க வேண்டியதை அவர் அரை நாளில் காட்டிவிடுவார். மாடுகளின் எதிரில் அவர்கள் வாய்பிளந்து உட்கார்ந்திருக்கும்போது, "இந்த மாடு எங்கயும் போகாது, வாங்க"ன்னு கிளப்பிவிடுவார் என்று என் மகள் கல்தூமா சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு அவள் சிரிப்பதை நிறுத்தினாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. என் கூடாரத்துக்கு வந்து, கசப்புத் தும்மட்டிக்காய் விதையைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அவர் வடக்க போறார். தங்கம் தோண்ட."

வடக்கு மலையில் தங்கம் கிடைக்கிறது என்று போனவர்களில், குழி சரிந்து உள்ளேயே போனவர்களை எங்கள் கிணற்றடியில் எல்லோருக்கும் தெரியும். என் அண்ணன் பேரனும் அதில் ஒருவன்.

"நீ சொல்லிப் பாத்தியா?"

"நான் சொன்னா, சரி சரிங்கறார். அவங்க அண்ணன் சொன்னாலும் சரி சரிங்கறார். மூட்டை கட்டியாச்சு. இந்த வெள்ளைக்காரங்களக் கொண்டுபோய் விட்டதும் லாரி. நீ ஒரு வார்த்த சொன்னா நிப்பார்மா."

"நான் எப்படிடி சொல்றது? மாப்பிள்ளைகிட்ட போயி வாயத் தொறக்கச் சொல்றியா?"

"அப்ப உன் வெக்கத்தையே கட்டிக்கிட்டு ஒக்காரு. நான் பிள்ளைங்களக் கட்டிக்கிட்டு ஒக்காந்துக்கறேன்."

அவள் போனபிறகும் எனக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு சுனைக்குப் போனேன். மாப்பிள்ளை அன்றைக்கு அங்கேதான் வருவார் என்று தெரியும். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது.

மழைக்காலத்தின் கடைசி. சுனைத் தண்ணீர் ஒட்டகச் சாணியில் கறுத்துக் கிடந்தது. ஒட்டகங்கள் வயிற்றளவு தண்ணீரில் நின்று கத்துகிற சத்தம் இரண்டு பக்கப் பாறையிலும் மோதித் திரும்பியது. மேலே, முதலைகள் கிடக்கிற கோடியில், பாறைத் திட்டில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் தெரிந்தார்கள். பக்கத்தில் அந்த முதுகு.

வெள்ளைக்காரம்மா என்னைக் காட்டிப் படம் எடுத்தாள். மாப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, அதோ ஒட்டகம், அதோ தண்ணீர் என்று காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் தீராத சண்டை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

திடீரென்று மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏ சாம்பலி, மலைமேல கறுப்பா எறங்கியிருக்கு. தண்ணி வரப்போவுது. மேட்டுல ஏறு."

சாம்பலி என்பது என் பெட்டை ஒட்டகம். அவள் காதை ஆட்டிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ பிடிவாதம். ஒரு சொல் சொல்லத்தானே வந்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் போவதா என்று நின்றேன்.

"சாம்பலி, சொல்றது காதுல விழுதா? ஒன் எஜமானியம்மாவயும் கூட்டிக்கிட்டு ஏறு."

"சாம்பலி, ஏறலாம்னு சொல்லு. ஆனா மேல நிக்கிறவர் எங்க போறதா இருக்காருன்னும் கேளு," என்றேன் நான்.

பதில் வருவதற்குள் காற்றில் ஈரமண் வாசனை வந்தது. ஒட்டகங்களுக்கு எங்களைவிடத் தெரியும். குடிப்பதை விட்டுவிட்டு எதிர்ச் சரிவில் கூட்டமாக ஏறின. நான் கடைசிக் குட்டியைத் தட்டி ஏற்றிவிட்டுத் திரும்பினேன், பள்ளத்தாக்கின் வளைவில் செம்மண் தண்ணீர் முள்மரத்தை உருட்டிக்கொண்டு வந்தது. குட்டி போன சரிவுக்கு நான் போக முடியவில்லை, நடுவில் வெள்ளம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் திட்டு என் தலைக்கு மேல். கை எட்டவில்லை. தண்ணீர் முழங்காலைப் பிடித்தது.

அப்போது என் முகத்தில் ஒரு துணி வந்து விழுந்தது. வெள்ளைத் துணி, நீளம். மாப்பிள்ளையின் தலைப்பாகை.

"சாம்பலி, துணிய இடுப்புல சுத்திப் பிடிச்சுக்க."

சாம்பலி அந்தக் கரையில் இருந்தாள். நான் துணியைச் சுற்றிக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன். தலைப்பாகை என் இடுப்பில் இருந்தால், மேலே அவர் முகத்தில் ஒன்றும் இருக்காதே. வழக்கம் வழக்கம்தான், தண்ணீர் வந்தாலும். அவர் இழுத்தார், வெள்ளைக்காரரும் இழுத்தார். பாறை என் முட்டியை உரித்தது. பாதி ஏறும்போது எனக்கு என் தங்கையின் கன்று ஞாபகம் வந்தது. அடுத்த நொடி கல்தூமாவின் வயிறு ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறந்தேன். நன்றாக, முழுசாகப் பார்த்தேன்.

ஒடிசலான முகம். நான் நினைத்ததைவிடச் சின்ன முகம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷர்.

திட்டின் மேல் ஏறியதும் ஈரத் துணியை நான் பின்பக்கமாக வீசினேன். அவர் சுற்றிக்கொண்டார். முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். கீழே தண்ணீர் பாறையை அறைந்துகொண்டு போனது. இறங்க வழி இல்லை. நடுவில் வெள்ளைக்காரம்மா என் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாஷை அவளுக்கு ஒரு சொல் தெரியாது. எங்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

"அம்மா, நான் பாத்துட்டேன்னு அந்தப் பக்கம் ஒக்காந்திருக்கிறவர்கிட்ட சொல்லுங்க," என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

பின்னாலிருந்து, "பாத்திருக்க மாட்டாங்கன்னு சொல்லுங்கம்மா. அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"முன்பல்லுல சந்து இருக்குன்னு சொல்லுங்க."

"அது கல்தூமா சொல்லியிருப்பா."

"தாடியில வலது பக்கம், காலைல குடிச்ச கூழு காஞ்சு ஒட்டியிருக்கு. இதயும் கல்தூமாதான் சொன்னாளான்னு கேளுங்க."

துணிக்குள் கை போய்த் தாடியைத் தடவுகிற சத்தம் கேட்டது. வெள்ளைக்காரம்மா இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, என்ன ஈடு வேணுமாம்? கன்னுக்குட்டியா?"

"கன்னு வேணாம். வடக்க போகக்கூடாது."

எனக்குப் பின்னால் அவர் எழுந்துவிட்டார். அந்தத் திட்டில் நாலு அடி வைத்தால் விளிம்பு. அங்கே போனார், திரும்பினார், மறுபடி போனார். அவர் காலடியை நான் முதுகால் கேட்டேன்.

"அம்மா, ஊர்ல மாமியாருங்க கன்னு கேப்பாங்க. இவங்க என் காலையே கேக்கறாங்கன்னு சொல்லுங்க."

"கால நான் வச்சுக்கலன்னு சொல்லுங்க. என் ஒட்டகத்தயெல்லாம் குளிர்காலத்துக்குத் தெக்க மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டுப் போகட்டும், வரட்டும். நடக்கறதுன்னா நடக்கட்டும். மண்ணுக்குள்ள எறங்க வேணாம்."

"எனக்கு அங்கதான் மனசு கெடக்குன்னா?"

"மனசுக்கு நான் ஈடு கேக்கல. முகத்துக்குத்தான் கேக்கறேன்."

பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் இறங்கியது. வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கும்போது திரும்பாமல் சொன்னார்.

"சாம்பலிக்கு முன்னங்கால்ல முள்ளு ஏறியிருக்கு. பாக்கச் சொல்லு." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர்கள் முன்னாலேயே இறங்கிவிட்டார்கள், நான்தான் இருந்தேன்.

லாரி வடக்கே போனது. அவர் ஏறவில்லை. குளிர்காலத்தில் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தெற்கே போனார். மற்றவர்கள் போய்ச்சேரும் முன்பே திரும்பி வந்தார். ஒட்டகங்கள் இளைத்துப் போயிருந்தன. பிள்ளை பிறந்தது, பையன். வீட்டில் இருக்கிற நாட்களில் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாராம், மணலில் ஒரு தடமே விழுந்துவிட்டதாம். "போயிருந்தாக்கூட இப்படித் தலை சுத்தியிருக்காதும்மா" என்கிறாள் கல்தூமா.

விடிகாலையில் அவர் வடக்குப் பக்கத்துப் பாறை மேல் ஏறி நிற்பார். என் கூடாரத்திலிருந்து தெரியும். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், ஆட்டை அவிழ்ப்பதற்கு முன்னால், அந்த முதுகு அங்கே இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். இன்றைக்கு இருந்தது.